டாக்டர் ரிவர்ஸ்

கோடை விடுமுறையில் பாஸ் எடுத்துக்கொண்டு குடும்பத்துடன் உதகமண்டலம் சென்று வந்த அன்பர்கள் நம் காலனியில் பலர் உண்டு. அங்கே அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற் போன்ற தோடர் குடிசைகளை வியப்புடன் கண்டிருப்பார்கள். அக்குடிசைகளின் நடுவே 1901-02இல் ஏறக்குறைய ஆறு மாத காலம் குறிப்புப் புத்தகமும் கையுமாக உலவிய ஆங்கிலேய வைத்தியர் ஒருவரின் சரிதையை இம்மலரில் எழுத முற்படுகிறோம். அவர் பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ். தோடரைப் பற்றிய பெரிய நூலை 1906இல் வெளியிட்டவர் என்று மானிட நூலார் அவரை அறிவர். நாம் அவரைத் தேடிச் சென்ற காரணம் வேறு. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் காலனி நண்பர் ஒருவர் இஞ்சின் டிரைவர். (இப்பொழுது லோகோ பைலட் என்று சொல்ல வேண்டுமாம்.) சில ஆண்டுகளுக்கு முன், பனி மூடிய ஒரு விடியற்காலையில் அவர் ஓட்டிய வண்டியின் முன் மனிதர் ஒருவர் அகப்பட்டு இறந்தார். ஓடும் வண்டி நினைத்த இடத்தில் நிற்பதன்று என்பது நம்மவர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அன்று முதல் நண்பருக்கு உறக்கம் போயிற்று, பேச்சும் குறைந்தது. நாமெல்லாரும் கூடி, மறந்துவிடுங்கள், மறந்துவிடுங்கள் என்றே ஓதினோம். கோயிலுக்கு அழைத்துச் சென்றோம்; சீட்டாட அழைத்தோம். அந்தப் பேச்சை எடுத்த சிறுவர்களை அதட்டினோம். அவர் தேறவில்லை. அப்பொழுதுதான் ரிவர்ஸின் சரிதை நம் கைக்குக் கிட்டியது.

ரிவர்ஸ் 1864 மார்ச் 12இல் இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் திக்குவாயைத் திருத்தும் வித்தையில் பெயர் பெற்றவர். மகனுக்கோ திக்குவாய், அது ஆயுள் முழுதும் முற்றும் நீங்கவில்லை. சொல்ல முடியாமல் தவிப்பவர் எதிரே பொறுமையாக அமர்ந்திருக்கும் குணம் அவருக்கு இதனால்தான் வாய்த்ததோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவசாலையில் பயின்று 1886இல், 22ஆம் வயதில் பட்டம் பெற்றார். கப்பல் வைத்தியராகச் சில காலம் கடல் சுற்றினார். பின்னர் கேம்பிரிட்ஜில் மனோதத்துவம் கற்பித்தார். 1898இல் டோரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் அவரும், அவருடைய மாணாக்கர் சார்லஸ் மையர்ஸும் இருந்தனர்.

நீலகிரியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தெய்வ இரகசியங்களை அவருக்கு வெளியிட்ட தோடர் சிலரின் வீடுகளில் நோயும் மரணமும் அடுத்தடுத்து நேர்ந்தன. சொல்லத் தகாததைச் சொன்னதே காரணம் என்று அவர்கள் அஞ்சினர். ரிவர்ஸ் இதனை மறைக்காமல் தம் நூலிலேயே பதிவு செய்தார்.

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பதுங்கு குழிகளில் மாதக்கணக்காகக் குண்டுமழைக்கு நடுவே கிடந்த வீரர்களிற் பலர், உடலில் காயமின்றியே ஊமையாயினர், நடுங்கினர், இரவில் அலறினர். 1915இல் மையர்ஸ் இதனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். குண்டதிர்ச்சி என்னும் பெயர் பரவியது. யுத்தம் முடிவதற்குள் ஆங்கிலப் படையில் சுமார் 80,000 பேர் இதற்கு ஆளாயினர் என்பர். இவர்களைக் கோழைகள் என்று எண்ணிய அதிகாரிகள் உண்டு. மின்சாரத்தைத் தொண்டையில் பாய்ச்சிப் பேச வைத்த வைத்தியரும் உண்டு.

இவ்விடத்தில் ரயில்வேக்காரர் என்ற முறையில் ஒரு வார்த்தை. குண்டதிர்ச்சிக்கு ஐம்பது ஆண்டு முன்பே இந்நோயை டாக்டர்களின் கண் முன் கொண்டுவந்து நிறுத்தியது ரயில் விபத்துகளே. 1866இல் எரிக்ஸன் என்ற லண்டன் ரண வைத்தியர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். முதுகெலும்பு குலுங்கியதால் வந்த வியாதி என்பது அவர் கருத்து. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9இல் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் விபத்தில் காயமின்றித் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். ஆனால் அதன்பின் ரயில் ஏறினாலே நடுங்கினார்.

ரிவர்ஸ் 1915இல் லிவர்பூல் அருகே மாகுல் ராணுவ மருத்துவசாலையிலும், 1916 முதல் எடின்பரோவை அடுத்த கிரேக்லாக்ஹார்ட்டில் அதிகாரிகளுக்கான மருத்துவசாலையிலும் பணி புரிந்தார். அங்கே வந்தவர் அனைவரும் ஒரே உபதேசத்தைக் கேட்டு வந்திருந்தனர்: யுத்தத்தை மறந்துவிடுக என்பதே அது. பகலெல்லாம் முயன்று மறந்தனர். இரவில் அது கனவாய் வந்து கழுத்தை நெரித்தது. ரிவர்ஸ் இதற்கு மாறாக, நினைவை நேரே எதிர்கொண்டு தம்மிடம் பேசுமாறு கேட்டார். ஓர் அதிகாரி, குண்டில் சிதறிய நண்பனின் உடலைக் கண்டவர். அந்தக் கோர உருவமே நாள்தோறும் கனவில் வந்தது. ரிவர்ஸ் முழுதும் கேட்டபின், அவ்வளவு சிதைந்திருந்தால் நண்பன் வலியை உணராமல் அந்த நொடியிலேயே இறந்திருக்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். நோயாளியின் முகம் தெளிந்தது. பின்னர் வந்த கனவில் அவர் நண்பனோடு பேசினார். எழுந்தபோது துக்கம் இருந்தது, திகில் இல்லை.

எல்லாருக்கும் இது பலித்ததென்று ரிவர்ஸ் சொல்லவில்லை. குண்டு தூக்கியெறிந்து அழுகிய பிணத்தின்மேல் முகம்படிய விழுந்த இன்னோர் அதிகாரியின் நினைவில், பற்றிக்கொள்ள ஆறுதலான துரும்பு ஒன்றும் இல்லை. அவரைப் படையிலிருந்து விடுவித்து நாட்டுப்புற வாழ்வுக்கு அனுப்புவதே தகுதி என்று கண்டார். 1917 டிசம்பரில் வைத்தியர் சபையின் முன் வாசித்த கட்டுரையில் வெற்றியோடு தோல்வியையும் வைத்தாரே, அதற்காகவே அவரிடம் நமக்கு மதிப்பு.

ஆயினும் அவர் மனத்தை அறுத்த வேறொன்று இருந்தது. குணமானவனை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதே அவர் உத்தியோகம். யுத்தத்தை நீட்டிப்பது அநியாயம் என்று பகிரங்கமாக அறிவித்த கவிஞர் ஸிக்ஃப்ரிட் ஸஸூன், 1917 ஜூலையில் விசாரணைக்குப் பதிலாக இம்மருத்துவசாலைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு நோய் ஏதுமில்லை என்று ரிவர்ஸ் கண்டார். இருவரும் பல மாலைகள் வாதிட்டனர். தம் வீரர்களைத் தனியே விட மனமின்றி ஸஸூன் நவம்பரில் பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தலையில் குண்டு பட்டு லண்டனில் கிடந்தபோது ரிவர்ஸ் சென்று பார்த்தார். இவ்வாதங்களால் ரிவர்ஸின் கனவும் கலங்கியது; சீருடைக் கடமைக்கும் சொந்தக் கருத்துக்கும் நேர்ந்த போராட்டம் என்று அக்கனவைத் தாமே ஆராய்ந்து எழுதினார்.

1922இல் தொழிற்கட்சியின் பார்லிமென்டு அபேட்சகராகத் தேர்தலுக்கு நிற்க இசைந்தார். அதற்குள் குடலிறக்க நோய் திடீரெனத் தாக்கி, ஜூன் 4இல் காலமானார். வயது 58.

இந்நோய்க்கு இன்றைய பெயர் அமெரிக்க வைத்தியர்களால் 1980இல், வியட்நாம் யுத்தத்துக்குப் பின் இடப்பட்டது. எட்னா ஃபோவா, பட்ரீஷியா ரெசிக் முதலானோர் நினைவை அஞ்சாது அணுகவும், அதனோடு ஒட்டிய குற்றவுணர்வைச் சோதித்துப் பார்க்கவும் முறைகளை வகுத்தனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒப்பிட்டுப் பலன் கண்டனர். ரிவர்ஸுக்கு அத்தகைய சோதனைகள் வாய்க்கவில்லை. விபத்து நடந்த உடனே ஒருவரைச் சூழ்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்ல வைப்பது நன்மை தருவதில்லை என்பதும் இப்படிப்பட்ட சோதனைகளால் தெரியவந்ததே.

நம் நண்பரும் பயின்ற மனநல நிபுணர் ஒருவரிடம் வாரம் ஒருமுறையாகச் சில மாதம் சென்றார். அந்த விடியற்காலையை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொல்ல, தாம் விசிலை விடாமல் ஊதியதும், பிரேக்கை முழுதும் போட்டதும் அவர் நினைவுக்கு வந்தன. அதுவரை அவை இரண்டும் மறந்தே போயிருந்தன. இப்பொழுது பழைய மார்க்கத்திலேயே வண்டி ஓட்டுகிறார். பனிக்காலத்து விடியல் வண்டிகள் மட்டும் அவருக்கு இன்னும் கடினமே.