ஒலிக்கு இடம் வகுத்த புளும்லைன்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியன். மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தினைக் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பதிந்து வைத்தேன். காமன் கம்பத்தின் இருமருங்கும் தப்புக்காரர் நிற்க, ரதியின் புலம்பலை ஒரு முதியவர் பாடியவாறே கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சென்ற ஐப்பசியில் அவர் மறைந்துவிட்டார். அந்தப் பாட்டை முழுமையாகக் கற்றவர் தோட்டத்தில் வேறெவரும் இல்லை. எஞ்சியது அந்தப் பதிவு ஒன்றே. அதைக் கைத்தொலைபேசியில் கேட்டால் தப்பும் பாட்டும் ஒரே துவாரத்திலிருந்து கசிகின்றன. முதியவர் நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

நல்ல ஒலிபெருக்கி வாங்கும் எண்ணத்துடன் ஹற்றன் நகருக்குச் சென்றேன். ஆறு பெட்டிகள் கொண்ட தொகுதி ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். முன்னே மூன்று, பின்னே இரண்டு, தாழ்ந்த ஓசைக்கென ஒன்று. ஒலி நம்மைச் சூழ்ந்து நிற்கும் என்றார். ஏறக்குறைய அதே விலைக்கு, இரண்டே பெட்டிகள் கொண்ட சோடி ஒன்றும் மூலையில் இருந்தது. இரண்டையும் வாங்கிப் பார்க்க ஆசிரியனின் சம்பளம் இடங்கொடுக்குமோ? வெறுங்கையுடன் பஸ் ஏறினேன். எது தகும் என்று அறிய ஒலியியல் நூல்களைப் புரட்டிய நாட்களில்தான் ஆலன் டோவர் புளும்லைன் என்பாரின் வாழ்க்கை எனக்கு எதிர்ப்பட்டது. ஒலிப்பொறியியலார் நடுவே பெரும்பெயர் படைத்தவர். நம் மாணவரோ அவர் பெயரைக் கேட்டறியார்.

1903ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் லண்டனில் பிறந்தார் புளும்லைன். தந்தை ஜெர்மனியில் பிறந்தவர். தாய் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகள். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுதுபார்த்து, அதற்குரிய கூலிக்குப் பற்றுச்சீட்டு எழுதி, மின்பொறியியலாளர் என்று கையொப்பமிட்டுத் தந்தையிடம் நீட்டினாராம். ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி மற்றொன்று. பன்னிரண்டு வயதுவரை அவருக்குச் சரளமாக வாசிக்க வராது என்று அவருடைய தமக்கை கூறியிருக்கிறார். அதை மறுக்காத புளும்லைன், ஆயினும் இருபடிச் சமன்பாடுகள் தமக்கு நன்றாகத் தெரிந்திருந்தன என்றாராம். இத்தகைய பிள்ளை எங்கள் பாடசாலைக்கு வந்திருந்தால் எந்த வாங்கில் உட்கார்த்தியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன், கடைசி வாங்கிலேதான்.

ஹைகேட் பாடசாலையிலும், பின்னர் லண்டன் சிற்றி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியிலும் கற்று முதல் வகுப்பில் தேறினார். தொலைபேசித் துறையில் சில ஆண்டுகள் உழைத்தபின், 1929இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற் சேர்ந்தார். இசைத்தட்டு வெட்டும் மின்முறை அந்நாளில் அமெரிக்கர் வசம் இருந்தது; தட்டுக்குத் தட்டு உரிமைப்பணம் செலுத்த வேண்டும். அந்தச் செலவிலிருந்து தப்ப வழி காண்பதே புளும்லைனுக்கு இடப்பட்ட பணி. பிறர் உரிமையைத் தொடாமலே, அதனினும் செவ்விய வெட்டுமுறை ஒன்றை அவரும் அவர் துணைவரும் ஆக்கிக் கொடுத்தனர். சிக்கனத்தின் பொருட்டுப் பிறந்த வேலை அது. கையில் காசு குறைந்து கடைவாசலில் நின்ற எனக்கு இச்செய்தி ஒருவகை ஆறுதலாக இருந்தது.

1931இல் கொலம்பியாவும் மற்றொரு பெரிய நிறுவனமும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயிற்று. அவ்வாண்டிலே, பின்னாளில் தம் மனைவியாகிய டொரீனுடன் புளும்லைன் திரைப்படம் பார்க்கச் சென்றார். நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்கிறார். குரலோ மற்றொரு கோடியிலிருந்து வருகிறது. அரங்கில் இருந்த ஏனையோர் பொறுத்துக்கொண்ட அந்தக் குறை இவருக்குப் பொறுக்கவில்லை. அதைத் தீர்க்கும் வழி தமக்குத் தெரியும் என்று டொரீனிடம் கூறினாராம். அவ்வாண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 70 கூற்றுக்கள் அடங்கிய அந்த ஆவணமே இன்று ஸ்டீரியோ என்று நாம் வழங்கும் முறைக்கு அடிப்படை. அதை அவர் இருசெவி ஒலி என்னும் பொருள்படவே குறித்தார்.

அதன் நுட்பம் வியப்புக்குரியது. இடப்புறத்திலிருந்து வரும் ஒலி இடச்செவியை முந்திச் சேர்கிறது. வலச்செவியை அடைய அதற்கு மேலும் தேவைப்படும் நேரம், மிகுந்தாலும் ஒரு விநாடியில் ஏறத்தாழ 1,500இல் ஒரு பங்குதான். இச்சிறு வேற்றுமையைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. ஒலிவாங்கிகள் இரண்டை ஓரிடத்தில் நெருக்கி, வெவ்வேறு திசை நோக்கக் குறுக்காக வைத்தார் புளும்லைன். அவற்றில் பதிவது ஒலியின் ஏற்றத்தாழ்வு மட்டுமே. ஆனால் கேட்பவன் முன் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்தால், இரண்டின் ஒலியும் இரு செவிகளிலும் கலந்து, அந்த ஏற்றத்தாழ்வே நேர வேற்றுமையாக மாறிவிடுகிறது. திசையைத் தருவது பெட்டிகளின் எண்ணிக்கை அன்று. செவிகள் இரண்டும், அவற்றிற்கு ஏற்றவாறு பதிந்த பதிவுமே.

இதைப் படித்த கணத்தில் என் கருவியை எடுத்துப் பார்த்தேன். அதன் தலையில் இரு சிறு ஒலிவாங்கிகள் குறுக்கே சாய்ந்து நின்றன, புளும்லைனின் வழித்தோன்றல்கள். இரு வழிகளில் பதிந்த அந்தப் புலம்பலை ஆறு பெட்டிகளுக்குப் பகிர்ந்தால், பின்னிரண்டு பெட்டிகளிலிருந்து வருவது கருவி தானாகக் கற்பித்த ஒலியேயன்றிக் கூத்துக் களத்தின் ஒலி ஆகாது. பல வழிகளில் பதிந்த திரைப்படத்தை விசாலமான கூடத்தில் பார்ப்போருக்கு அந்தத் தொகுதி பயன்படலாம். அதை நான் மறுக்கவில்லை. என் அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. பின்பெட்டிகள் பிடரியை இடிக்கும்.

புளும்லைன் தம் முறையைச் சோதித்த விதம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1933இல் அவரும் துணைவரும் ஹேய்ஸ் நகரிலுள்ள மண்டபத்தில் பேசிக்கொண்டே மேடையில் அங்குமிங்கும் நடந்தனர். அந்த நடையைத் தட்டில் பதிந்தனர். 1934 ஜனவரியில் அபே றோட் கலையகத்தில், தோமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் இசை ஒத்திகையைப் பதிந்தனர். 1935இல் ஹேய்ஸ் நிலையத்தில் புகைவண்டிகள் கடந்து செல்வதை ஒலியும் ஒளியுமாகப் படமெடுத்தனர். வண்டியோடு அதன் ஓசையும் திரையைக் கடந்து செல்கிறது. ஆயினும் நிறுவனம் இதில் வாணிகப் பயனைக் காணவில்லை. புளும்லைன் தொலைக்காட்சிப் பணிக்கு மாற்றப்பட்டார். 1936இல் லண்டனில் தொடங்கிய 405 கோட்டுத் தொலைக்காட்சியில் அவர் பங்கு பெரிது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தைக்கு வந்து பரவியது 1958 அளவிலேதான். ஒரே பள்ளத்தில் இரு வழிகளையும் வெட்டும் முறையை அவர் முன்னரே வகுத்து வைத்திருந்தார். அந்நாளில் அவர் உயிருடன் இல்லை.

போர்க்காலத்தில், விமானத்திலிருந்து நிலத்தின் வடிவைக் காட்டும் ரேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1942 ஜூன் 7ஆம் நாள், அக்கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த ஹாலிபாக்ஸ் விமானம் ஹெர்பட்சயரில் எரிந்து வீழ்ந்தது. இயந்திரத்தின் உள்ளே ஒரு சிறு மரை சரியாக முடுக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அவரும் ஈ.எம்.ஐ. துணைவர் இருவரும் உட்பட 11 பேரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 38. அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன. கருவி இரகசியமானது என்பதால் அந்தச் சாவும் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. டொரீனும் இரு சிறு மகன்களும் அந்த மௌனத்தினுள் வாழ நேர்ந்தது.

எங்கள் பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. முகங்களை மிக அருகே வைத்துப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். 1879இல் இந்நாட்டிலே மறைந்தவர். வாரந்தோறும் அதைக் கடந்து செல்கிறேன். அருகமைந்து நோக்கினால் பெருங்கூடமும் பெருங்கருவியும் வேண்டுவதில்லை என்று அங்கே ஒருநாள் தோன்றியது. ஒலிக்கும் அது பொருந்தும். தூரம் பாதியானால் நேரே வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கு மடங்காகிறது. சுவரிலும் தகரக் கூரையிலும் மோதித் திரும்பும் ஒலி அதற்குக் கீழே அமிழ்ந்துவிடுகிறது. சிறு பெட்டியே போதும். சுவருக்கு அப்பால் உறங்குவோர் தூக்கமும் கெடாது.

அடுத்த சம்பளத்தில் அந்தச் சோடியையே வாங்கினேன். இரண்டுக்கும் இடையே ஒரு கஜம், ஒவ்வொன்றிலிருந்தும் என் தலைக்கும் ஒரு கஜம் என முக்கோணமாக வைத்தேன். உயர்ந்த ஓசை தரும் சிறு கூம்பு செவியின் மட்டத்தில் இருக்கும்படி கீழே புத்தகங்களை அடுக்கினேன். தாழ்ந்த ஓசை சுவரை அணைந்தால் வீங்கிவிடும் என்பதால் பெட்டிகளை இரண்டு சாண் முன்னே நகர்த்தினேன். இதில் ஒரு குறையும் உண்டு. முக்கோணத்தின் முனையில் ஒருவர் மட்டுமே அமர முடியும். ஓரடி விலகினாலும் கூத்துக் களம் ஒருபக்கமாகச் சரிந்துவிடுகிறது.

ஆகவே முதல் இருக்கையை முதியவரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, நான் வாசற்படியில் அமர்ந்தேன். எனக்கு வந்து சேர்ந்தது வலப்பக்கத் தப்பு மட்டுமே. அம்மூதாட்டி கண்களை மூடியிருந்தார். புலம்பல் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர் முகம் மெல்ல இடமிருந்து வலமாகத் திரும்பியது. மறுபடியும் இடப்பக்கம் வந்தது. மீண்டும் வலப்பக்கம் சென்றது.