300 ரூபாய் பைக்கைப் பிரித்துப் போட்டவர்: யார் இந்த ஜி.டி.நாயுடு?

லப்பைக்குடிக்காட்டில் இருந்து டூரிங் பைக்கில் கிளம்பி, திருச்சி, கரூர் வழியாக கோவை போகிறவர்கள் ஊருக்குள் நுழையும் முன் சூலூரைக் கடப்பார்கள். அதற்குப் பக்கத்தில்தான் கலங்கல். 1893 மார்ச் 23-ல் ஜி.டி.நாயுடு பிறந்த ஊர். கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு வைத்திருப்பது இவர் பெயர்தான்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஊரில் இருந்தவர் கண்ணில் ஒருநாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் பைக் பட்டது. அவ்வளவுதான். கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து அந்த பைக்கை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய கையோடு ஊர் சுற்றப் போகவில்லை. மொத்தமாகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டினார். அவர் படித்த இன்ஜினீயரிங் அதுதான்.

ரட்ஜ் அப்போது லேசுப்பட்ட கம்பெனி இல்லை. பல பைக்குகள் ஒரே கியரில் முக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதன் 'மல்ட்டி' மாடல் கியர் விஷயத்தில் வேற லெவல். இன்ஜின் பக்கம் இருக்கும் கப்பியின் இரு தட்டுகளும் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், வேகம் கூடும். விலகினால் பெல்ட் கீழே இறங்கும், மேடு ஏற இழுவை கிடைக்கும். இப்படிச் சுமார் 20 நிலைகள். இன்று நாம் ஓட்டும் கியர்லெஸ் ஸ்கூட்டருக்குள் இருப்பதும் இதே சங்கதிதான். கையால் மாற்றியதை இப்போது அதுவே மாற்றிக்கொள்கிறது.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தானே ஓட்டினார் நாயுடு. அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர் செய்தார். 1937-ல் பீளமேட்டில் இருந்து உள்நாட்டு மின் மோட்டார் வந்தது. இன்று கோவையை மோட்டார், பம்புசெட் ஊர் என்கிறோமே, அதில் இவர் பங்கு பெரிது. 1945-ல் தொழிற்கல்வி நிலையம் தொடங்கியவரும் இவரே.

சறுக்கியது கார் விஷயத்தில். 1952-ல் 2 பேர் உட்காரும் பெட்ரோல் காரைத் தயாரித்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் 1951-ல் வந்த தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி இதுபோன்ற உற்பத்திக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் ரோட்டுக்கு வராமலே நின்றது. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கியபோது, புல்லட்டின் டிசைன் இங்கிலாந்தில் இருந்து வந்தது. இங்கேயே யோசித்துச் செய்த கார் அதற்கு 3 வருடம் முன்பே முடங்கியிருந்தது.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். அவர் பெயரிலான அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது. கோவை ரைடு போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.