மலை இல்லாத ஊரில் மாற்கு மாஸ்ரர்

ஈழத்து ஓவியம் என்றதும் யாழ்ப்பாணமும் கொழும்பும்தான் பேச்சில் வரும். மன்னாரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் ஈழத் தமிழரின் நவீன ஓவியத்தில் முன்வரிசைப் பெயரான அ. மாற்கு, தன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் 2000ஆம் ஆண்டில் கண்மூடியதும் மன்னாரில்தான். மாற்கு மாஸ்ரர் என்றால்தான் பலருக்கு விளங்கும். அந்த 'மாஸ்ரர்' வெறும் மரியாதைச் சொல் அல்ல. வரைந்த அளவுக்கு, வரையத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

1933இல் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பு, பாடசாலைகளின் சித்திரப் பாடத்துக்குத் தலைமைப் பரிசோதகராக இருந்தவர் வின்சர் என்ற ஆங்கிலேயர். மாதிரிப் படத்தை அச்சொட்டாகப் பிரதி செய்வதே சித்திரம் என்றிருந்த காலம் அது. பிள்ளை தன் கண்ணால் பார்த்து வரையட்டும் என்ற பக்கம் நின்றவர் அவர். அவருடைய பெயரில் எஸ்.ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரக் கழகம் தொடங்கினார். அந்தக் கழகத்து ஆசிரியர்களில் ஒருவரான பெனடிக்ற்றிடம்தான் மாற்கு முதலில் கற்றார். பிறகு கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரி. அங்கே டேவிட் பெயின்ரர் போன்றவர்களிடம் பயிற்சி.

படித்து முடித்தவர் கொழும்பில் தங்கியிருக்கலாம். ஓவியருக்குக் காட்சியும் சந்தையும் அங்கேதான் இருந்தன. அவரோ யாழ்ப்பாணம் திரும்பிச் சித்திர ஆசிரியரானார். 1959இல் நண்பர்களோடு சேர்ந்து விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். பெயரே காரியத்தைச் சொல்லிவிடும்: பள்ளிக்கூட லீவில் கூடி வரைவது. பரீட்சைக்காக அல்ல.

அவருடைய படங்களில் முதலில் கண்ணில் படுவது கோடு. ஒரு பெண்ணின் தோளில் புறப்படும் வளைவு அடுத்தவளின் கூந்தலாகிவிடும். உருவம் துண்டு துண்டாகப் பிரிந்து, நிறத் தளங்களாகிப் பிறகு ஒன்று சேரும். கியூபிசம் என்று பெயர் வைத்துப் பேசுவார்கள். எனக்கு அது கையை எடுக்காமல் போகும் ஒரு கோட்டின் நடையாகவே படுகிறது.

நான் மன்னாரில் சனி, ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். எதையாவது கீறுங்கோ என்றால் பத்தில் எட்டுக் கொப்பிகளில் ஒரே படம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் ஒரு குடிசை. மன்னார்த் தீவில் ஏது மலை? ஏறி நிற்க ஒரு மேடு கிடைத்தாலே பெரிய காரியம். வின்சர் காலத்துப் பிரதிப் படம் இன்னும் சாகவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து நான் உண்டாக்கிக்கொண்ட பயிற்சிகள் சில இருக்கின்றன. பஸ் நிலையத்தடியில் நிற்கும் கழுதையை, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், தாளையும் பார்க்காமல் கீற வேண்டும். கால் ஐந்து வரும், காது முதுகில் முளைக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனாலும் அன்றுதான் கழுதையை உண்மையில் பார்த்திருப்பார்கள். இன்னொன்று பள்ளிமுனைப் பெருக்க மரம். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ ஏழரை மீற்றர் அளவுதான். குச்சியின் மேல் முகில் வைத்த வழக்கமான மரம் இங்கே உதவாது. கிளைகளைக் கீறாதே, கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத் துண்டுகளை மட்டும் கீறு என்பேன். துண்டுகள் சேரச் சேர மரம் தானாக வந்து நிற்கும். அழிறப்பருக்கு வேலையில்லை. ரியூசனுக்கு நேரமாகிறது என்று வாசலில் நிற்கும் அம்மாமார் மட்டும் இதில் என்ன புள்ளி கிடைக்கும் என்று கேட்பார்கள்.

மாற்கு மாஸ்ரரிடம் கற்றவர்கள் 1980களில் தங்கள் பாதையில் வரையத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பெண்கள் பலர் என்பது அந்நாளைய யாழ்ப்பாணத்தில் சின்ன விஷயமில்லை. 1987இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் வெளிவந்தது.

பிறகு 1990இல் பொருளாதாரத் தடை. சவர்க்காரத்துக்கே வரிசை என்றால் வர்ணத்துக்கு எங்கே போவது? 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே ஓர் இரவில் எழுந்து நடந்தது. படங்களைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. அரிசிப் பை, அடையாள அட்டை, கைக்குழந்தை, அவ்வளவுதான். வாழ்நாள் வேலையில் பெரும்பகுதி இடப்பெயர்வில் போய்விட, அறுபதைத் தாண்டிய வயதில் அவர் வன்னி வழியே மன்னார் வந்து சேர்ந்தார்.

அவருடைய கோடு பட்ட தாள் ஒன்றாவது மன்னாரில் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது இருந்தால், கறையான் எடுக்கும் முன் வெளியே எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். நூலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புவது பிறகு நடக்கட்டும். முதலில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.