மக்களை எண்ணியவர், மக்களுக்காக எண்ணியவர்



தமிழிலே ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றையது சிந்தித்தல். இவ்விரு பொருளாலும் மக்களை எண்ணி வாழ்ந்த தமிழ்ப் பெருமகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அன்னாரின் வரலாற்றை இம்மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தமையனார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமனார். கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி மாமன் மகன். பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்விக்கூடத்திலே பயின்று, புலமைப்பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியிலே கற்றார். பரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1875ஆம் ஆண்டில் இலங்கைக் குடியியற் சேவையிலே சேர்ந்தார். திறந்த போட்டிப் பரீட்சை மூலம் அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் இவரே. ஆங்கிலேயர் தமக்கென வைத்திருந்த கோட்டையின் கதவு இவ்வாறு ஒரு தமிழருக்குத் திறந்தது.

நீதித்துறையிலே பல ஊர்களிற் கடமையாற்றிய அவர், 1887ஆம் ஆண்டில் பதிவாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். காணி உறுதிகள், பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றைப் பதியும் திணைக்களம் அது. அங்கே நிலவிய ஒழுங்கீனத்தைக் களைந்து, பதிவேடுகளைச் சீராக்கினார். ஏழையின் துண்டு நிலமும் குழந்தையின் பிறப்பும் ஒழுங்காகப் பதியப்படாவிட்டால், நாளை அவர்களுக்கு உரிமை கோர ஆதாரம் இராது. ஊரைவிட்டு வெளியேறி, பத்திரம் இல்லாமல் அலைந்த எம்மவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தது. இலங்கையில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்துவந்த கணக்கெடுப்பில் அது நான்காவது. அவ்வாண்டில் நாட்டின் சனத்தொகை 35 இலட்சத்துக்கும் மேற்பட்டது எனக் காணப்பட்டது. ஆயினும், வெறும் தொகைகளைத் தொகுத்தளிப்பதுடன் அவர் நின்றுவிடவில்லை. நாட்டில் வாழும் இனங்கள், அவர்தம் மொழிகள், சமயங்கள், வழக்கங்கள், வரலாறு ஆகியவற்றையும் ஆராய்ந்து அறிக்கையிலே எழுதினார். இன்று சமூகவியல், மானிடவியல், புள்ளிவிபரவியல் எனப் பல்கலைக்கழகங்களிலே பிரித்துக் கற்பிக்கப்படும் துறைகள் பலவும் அவ்வறிக்கையில் ஒன்றுகூடின.

1913ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். வயது அறுபது. பதவியும் புகழும் பெற்றாயிற்று. இனி ஓய்ந்திருக்கலாம் என அவர் கருதவில்லை. 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தாபித்தார். கொழும்பின் நெருக்கமான சேரிகளிலே வாழ்ந்த வறிய மக்களின் கல்வி, சுகாதாரம், வாழ்வு என்பவற்றிலே கற்றவர்களின் கவனத்தைத் திருப்பியது அக்கழகம். முன்னர் ஏடுகளிலே எண்களாகக் கண்ட மக்களை இப்போது அவர்தம் வாசலிலே சென்று கண்டார் எனலாம்.

1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அவரது தலைமையிலே தோன்றியது. கேம்பிறிட்ஜிலே கற்ற பெரி சுந்தரம் அதன் செயலாளராக விளங்கினார். தோட்டத் தொழிலாளி ஒருவன் முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்கினாற் சிறைக்கு அனுப்பும் சட்டம் அக்காலத்தில் இருந்தது. கடன் சீட்டான ‘துண்டு’ முறை அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடன்காரனாகவே மாற்றியது. மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பிணித்த இவ்விரு தளைகளுக்கும் எதிராக அருணாசலம் குரல் கொடுத்தார். 1920களின் தொடக்கத்தில் அவை நீக்கப்பட்டன. செல்வக் குடும்பத்திற் பிறந்த அவருக்கு இதனாற் கிடைக்கக்கூடிய இலாபம் ஏதும் இல்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

கல்வித்துறையிலும் அவரது தொண்டு பெரிது. இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என 1906ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்ற முன்னின்றார். 1921ஆம் ஆண்டில் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. பேராதனையில் அவர் பெயரால் மாணவர் விடுதி ஒன்று இன்றும் உள்ளது. கல்வியிலே தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். வார இறுதியில் ஈண்டுக் கூடித் தமிழ் கற்கும் நாம் அதனை நன்றியுடன் நினைவுகூரலாம்.

1919ஆம் ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து அவரைத் தெரிந்தனர். ஆனால் மேல் மாகாணத் தமிழருக்கு ஒரு பிரதிநிதித்துவம் அளிப்பதாகத் தரப்பட்ட உறுதிமொழி பேணப்படாதபோது, 1921ஆம் ஆண்டில் மனம் வருந்தி விலகினார். 1923ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினார். தல யாத்திரையாகத் தமிழகம் சென்றிருந்த வேளை, 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் திகதி மதுரையிலே இறைவனடி சேர்ந்தார்.

அருணாசலம் சமூகப் பணியிலே பட்டம் பெற்றவரல்லர். அவர் கற்ற காலத்தில் அப்படியொரு பட்டம் இருக்கவில்லை. பம்பாயில் அதற்கான உயர்கல்விக்கூடம் 1936ஆம் ஆண்டிலேயே எழுந்தது. சிட்னிப் பல்கலைக்கழகம் 1940ஆம் ஆண்டிலும், மெல்பேண் பல்கலைக்கழகம் 1941ஆம் ஆண்டிலும் இக்கல்வியைத் தொடங்கின. அவர் தாமே வகுத்துச் சென்ற பாதை இன்று எம் பிள்ளைகளின் முன்னே செப்பனிட்ட வீதியாக விரிந்துகிடக்கின்றது. நான்கு ஆண்டுப் பட்டம், அல்லது வேறொரு பட்டத்தின் பின் இரண்டு ஆண்டு முதுமாணி. இரண்டிலும் ஏறத்தாழ 1000 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. கற்று முடித்தோர் வைத்தியசாலை, சிறுவர் பாதுகாப்பு, பாடசாலை, முதியோர் பராமரிப்பு, நீதிமன்றம், அகதிகள் குடியமர்வு ஆகிய துறைகளிலே பணிபுரிகின்றனர். சமூக விஞ்ஞானம் கற்றோர் அரச கொள்கை வகுத்தல், ஆய்வு, புள்ளிவிபரத் திணைக்களம் எனப் பல வழிகளிற் செல்கின்றனர்.

ஊரிலே விஞ்ஞானப் பிரிவுக்கு எடுபடாத பிள்ளைதான் கலைப்பிரிவுக்குப் போகும் என்றொரு எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருந்தது. ஆசிரியனாக அடியேனும் அதனை வகுப்பறையிலே நாள்தோறும் கண்டேன். கடல் கடந்தும் அவ்வெண்ணம் எம்முடன் வந்துவிட்டது. வைத்தியரின் வருமானம் சமூகப் பணியாளருக்குக் கிட்டாது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், அகதிகளாக இந்நாட்டை அடைந்த எம்மிற் பலருக்கு வீடு தேடித் தந்தவர், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க உதவியவர், இழப்பின் துயரைப் பொறுமையுடன் கேட்டவர் யார்? அவரும் ஏதோவொரு பல்கலைக்கழகத்தில் இதனைக் கற்றவரன்றோ? அவர் தமிழும் அறிந்தவராயின், எம் முதியோர் மனந்திறந்து பேச அது எத்துணை ஆறுதலாயிருக்கும்!

2021ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியக் குடிசன மதிப்பிலே 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டிலே தமிழ் பேசுவதாகப் பதிந்தனர். எந்த மொழியில் உதவிகள் வேண்டும் எனத் திட்டமிடுவோருக்கு அத்தொகை ஆதாரமாகின்றது. எண்ணப்படாத மக்கள் எண்ணிப் பார்க்கப்படுவதும் இல்லை. 

ஆதலாற் பெற்றோர்களே, உங்கள் மகளோ மகனோ சமூகப் பணி கற்க விரும்புகின்றேன் என்று வந்து நின்றால், முகம் சுளியாது அமரச் செய்து கேளுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் எத்துறையைத் தெரிந்தாலும், அத்துறையால் எவருடைய வாழ்வு உயரும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். சேர் அருணாசலம் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவேயாகும்.