புகைக்குழாயைக் கொடுத்துவிட்ட தொழிலாளி



மனம் கலங்கும்போது கை தானாகச் சட்டைப்பையைத் தேடுகிறது. வேலையில் நெருக்கடி, வீட்டில் கடன், பிள்ளைகளைப் பற்றிய கவலை என எதுவானாலும், ஒரு சிகரெட் பற்றவைத்தால் ஆறுதல் கிடைக்கும் என்று நம் குடும்பங்களில் பலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் விட்டுவிடத் தீர்மானிக்கிறார்கள். பாஸ்கா விழா வருமுன்பே அந்தத் தீர்மானம் தளர்ந்துவிடுகிறது. இப்படிப் போராடுகிறவர்களுக்குத் துணையாக, ஓர் எளிய கூலித்தொழிலாளியின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் வணக்கத்துக்குரிய மாட் டால்பட்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், 1856ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், ஓர் ஏழைக் குடும்பத்தில் மாட் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். தந்தை துறைமுகத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். மாட் 12 வயதிலேயே பள்ளியை விட்டு, மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே குடிக்கப் பழகியவர், 28 வயதுவரை அதற்கு அடிமையாகவே வாழ்ந்தார். வாரக்கூலி முழுவதும் மதுக்கடைக்கே போனது. பணம் இல்லாதபோது தம் காலணிகளையும் அடகு வைத்தார். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த பார்வையற்ற ஒருவரின் வயலினைத் திருடி விற்றுக்கூடக் குடித்தார்.

1884ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, வேலையும் காசும் இல்லாமல் மதுக்கடை அருகே காத்து நின்றார். அவரிடம் காசு இருந்தபோது அவர் செலவில் குடித்த நண்பர்கள் கூலி வாங்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. மனம் உடைந்து வீடு திரும்பிய மாட், மதுவை விடப்போவதாகத் தாயிடம் சொன்னார். அன்றே கிளான்லிஃப் குருமடத்துக்குச் சென்று, பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு குருவின் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார்.

அந்த உறுதிமொழி வாழ்நாள் முழுவதற்குமானது அல்ல, மூன்று மாதங்களுக்கு மட்டுமே. அந்த மூன்று மாதங்களும் அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தன. தவணை முடிந்ததும் மறுபடி குடிக்கப்போவதாகத் தாயிடம் சொன்னதும் உண்டு. ஆனால் அது முடிந்தபோது ஆறு மாதங்களுக்கு உறுதி எடுத்தார். பிறகுதான் வாழ்நாள் முழுவதற்கும் எடுத்தார்.

அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது மாலை நேரம். வேலை முடிந்து உடல் களைத்து, மனம் சோர்ந்திருக்கும் வேளையில் கால்கள் பழைய பாதையையே நாடின. ஆகவே அவர் நடக்கும் பாதையையே மாற்றினார். மாலையில் ஆலயங்களுக்குச் சென்று நற்கருணை நாதர்முன் முழந்தாளிட்டார். ஒருநாள் மதுக்கடைக்குள்ளேயே போய்விட்டார். கடைக்காரர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்ததால் இவரைக் கண்டுகொள்ளவில்லை. வெளியே வந்த மாட், இயேசு சபையாரின் ஆலயத்தில் கதவு அடைக்கும்வரை அமர்ந்திருந்தார். அதன்பின் கையில் காசு வைத்துக்கொண்டு வெளியே செல்வதையே நிறுத்திக்கொண்டார். தம் பலவீனம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு வாய்ப்பு அளிக்காமல் பார்த்துக்கொண்டார்.

மதுவை விட்டபின்னும் புகையிலை அவரை விடவில்லை. ஒருநாள் உடன் வேலை செய்த ஒருவர் கொஞ்சம் புகையிலை கேட்டார். மாட் அப்போதுதான் புதிதாக ஒரு புகைக்குழாயும் புகையிலையும் வாங்கியிருந்தார். இரண்டையும் அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் அவர் புகைக்கவே இல்லை. மதுவை விட்டதைவிடப் புகையிலையை விட்டதே அவருக்குக் கடினமாக இருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இதில் வியப்பில்லை. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் உடலிலிருந்து குறையும்போது எரிச்சலும் படபடப்பும் தோன்றுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைச் சற்றுத் தணிக்கிறது. அதையே நாம் கவலைக்கு மருந்து என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில், தானே உண்டாக்கிய படபடப்பைத்தான் அது தணிக்கிறது. விட்ட முதல் சில நாள்களே மிகவும் கடினமானவை. பிறகு சில வாரங்களில் அந்தத் தவிப்பு படிப்படியாகக் குறைகிறது. புகைப்பதை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுவதில்லை, குறையவே செய்கின்றன என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. ஒவ்வொரு முறை எழும் ஆசையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதே கேள்வி. மாட் அவற்றைச் செபத்தால் நிரப்பினார்.

பல ஆண்டுகள் அவர் ஒரு மரக்கிடங்கில் சாதாரணத் தொழிலாளியாக உழைத்தார். அதிகாலைத் திருப்பலியில் பங்கேற்ற பிறகே வேலைக்குச் சென்றார். பழைய கடன்களை எல்லாம் அடைத்தார். வயலின்காரரைத் தேடி அலைந்தும் காணமுடியாததால், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிகளுக்கும் தம் கூலியிலிருந்து வாரி வழங்கினார். தாயைத் தம்மோடு வைத்து, அவர் 1915இல் இறக்கும்வரை பராமரித்தார். 1923இல் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வேலைக்குச் செல்ல முடியாமல் வருமானம் குன்றிய அந்த நாள்களிலும் பழைய ஆறுதல்களை அவர் தேடவில்லை.

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், மூவொரு இறைவன் பெருவிழாவன்று, திருப்பலிக்குச் செல்லும் வழியில் ஒரு சந்தில் விழுந்து இறந்தார். தவமாக அவர் உடலில் அணிந்திருந்த சங்கிலிகளை அதன்பிறகே மற்றவர்கள் கண்டார்கள். 1975இல் திருத்தந்தை 6ஆம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே, அவருடைய கடுந்தவம் நம் எல்லாருக்கும் உரிய வழி அல்ல. ஆனால் அவர் நடந்த முறை நமக்கு உரியது. முதலில் ஒரு சிறிய தவணை. நம்மைச் சோதிக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிந்து விலகும் ஞானம். தனியாகப் போராடாமல் ஒருவரிடம் சொல்லும் தாழ்ச்சி. மருத்துவரின் உதவியும் இறைவன் தரும் கொடையே. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒருமுறை தவறினால் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணவும் வேண்டாம். நம் குடும்பத்தில் ஒருவர் விட முயன்றால், ஏளனம் செய்யாமல், மாட்டின் தாயைப்போல் பொறுமையோடு துணை நிற்போம்.

இன்று மாலை மனம் கலங்கும்போது, சட்டைப்பையைத் தேடும் கையால் சிலுவை அடையாளம் வரைவோம். இந்த ஒரு மாலையைக் கடக்க வரம் கேட்போம். நாளைய மாலைக்கான வரத்தை இறைவன் நாளை தருவார்.