வெள்ளணுக்கள் விரிக்கும் வலை: மெச்னிக்கோவின் வாழ்க்கைவழி ஒரு விளக்கம்

கலசப்பாக்கத்திலிருந்தோ சவ்வாது மலையின் சிற்றூர்களிலிருந்தோ உங்கள் உறவினரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துவந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீங்கள் காத்திருக்கலாம். கிருமித்தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளன என்று மருத்துவர் கூறியிருக்கலாம். அந்நிலையில் உடலின் காவல் அணுக்களே சில வேளைகளில் பாதிப்பைக் கூட்டிவிடுகின்றன. அவ்வணுக்களின் பணியை உலகுக்குக் காட்டியவர் இலியா மெச்னிக்கோவ்.

நோயாளியின் அருகில் இருந்தவர்

மெச்னிக்கோவ் 1845 ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே பிறந்தார். விலங்கியல் பயின்று ஒடெசாவில் பேராசிரியரானார். 1869 இல் அவர் லுத்மிலாவை மணந்தபோதே மணமகள் காசநோயால் நலிந்திருந்தார். தேவாலயத்திற்கு அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்கிச் செல்ல நேர்ந்தது. கணவரின் பராமரிப்பில் இருந்தும் 1873 இல் லுத்மிலா மறைந்தார். துயரம் தாளாத மெச்னிக்கோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார். 1875 இல் ஓல்காவை மணந்தார். 1880 இல் டைபாய்டு கண்ட ஓல்கா நலம்பெற்றார்.

முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

1882 இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோல் தெளிந்த உடலுடைய நட்சத்திரமீன் குஞ்சுகளுள் ரோஜா முட்களைச் செருகினார். மறுநாள் காலை, உடலுள் அலைந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்று அவர் விளக்கினார். அக்கால அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சான்றுகளைத் திரட்டினார். 1908 இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916 இல் காலமானார்.

அவர் காணாத வலை

வெள்ளணுக்களுள் மிகுதியானவை நியூட்ரோபில்கள். இவை கிருமிகளை விழுங்குவதோடு, தம் மரபுப்பொருளான டி.என்.ஏ. இழைகளை வெளியே வீசி, வலைபோல் விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கின்றன என்பதைப் பெர்லின் ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்டனர்.

அளவோடு விரியும் வலை காக்கும். கடுந்தொற்றில் அது அளவுமீறினால் நுண்ணிய இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையக்கூடும்; நுரையீரல், சிறுநீரகம் முதலியவை பழுதடையக்கூடும். காய்ச்சல் தணிந்த பின்னரும் சிலருக்கு மூச்சுத்திணறல் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வலையைக் கரைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில் உள்ளன. ஆகவே கிருமிக்கொல்லி மருந்து, நரம்புவழித் திரவம், உயிர்வளி ஆகியவற்றை உரிய நேரத்தில் அளிப்பதும், தொற்றின் மூலத்தை நீக்குவதுமே இன்றைய சிகிச்சை.

நீங்கள் செய்யவேண்டியவை

- காய்ச்சல் அல்லது சீழ்ப்புண்ணுடன் மூச்சிரைப்பு, மனக்குழப்பம், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே 108 ஐ அழையுங்கள்.
- மருத்துவர் எழுதித் தராத கிருமிக்கொல்லி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.
- நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
- நீங்களும் உண்டு, உறங்கி, பிறருடன் முறைவைத்துக் காத்திருங்கள். மனம் தளர்ந்தால் 104 அல்லது 14416 எண்ணில் பேசுங்கள். மெச்னிக்கோவும் ஒருநாள் அவ்விருளில் நின்றவரே. அதைக் கடந்த பின்னரே இவ்வணுக்களின் பணியைக் கண்டறிந்தார்.