ஆடுகளத்து அரசர்

வைகுண்ட ஏகாதசி இரவில் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கண்விழித்திருப்போர் பரமபதப் படத்தை விரித்து ஆடுவதுண்டு. ஏணியில் ஏறியவன் மகிழ்வான். பாம்பின் வாய்ப்பட்டவன் வருந்துவான். படம் ஒன்றே, விதியும் ஒன்றே. எனினும் ஒவ்வோர் ஆட்டமும் புதியதொரு கதையாக முடிகின்றது. இவ்வுண்மையை நன்குணர்ந்து, ஆட்டங்களை வகுப்பதையே ஒரு கலையாகப் போற்றிய மன்னர் ஒருவர் மைசூரில் வாழ்ந்தார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஆவார்.

அவர் 1794ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிறந்தார். 1799இல் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்தபின், ஆங்கிலேயர் மைசூர் அரியணையைப் பழைய உடையார் மரபிற்கு அளித்தனர். ஐந்தாம் அகவை நிறைவுறு முன்னரே அக்குழந்தை முடி சூடியது. அமைச்சர் பூர்ணையா குழந்தையின் பெயரால் நாட்டை ஆண்டார். வளர்ந்தபின் மன்னரே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆயினும், 1830இல் நகர் என்னும் பகுதியில் உழவர் கிளர்ச்சி மூண்டது. ஆட்சி சீர்கெட்டது எனக் காரணங்காட்டி, 1831இல் ஆங்கிலேயர் நாட்டின் நிருவாகத்தைத் தாமே கைக்கொண்டனர். அப்பொழுது மன்னர்க்கு அகவை 37. பட்டமும் அரண்மனையும் எஞ்சின, ஆணை எஞ்சவில்லை.

அரசிழந்தோர் பலர் கவலையில் மூழ்கி மாய்ந்ததுண்டு. இம்மன்னரோ தம் நாட்களைக் கல்விக்கும் கலைக்கும் ஆக்கினார். 1833இல் மைசூரில் கட்டணமில்லாப் பள்ளியொன்றை நிறுவினார். அவர் ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல், ஒன்பது பகுதிகளும் எண்ணிறந்த ஓவியங்களும் கொண்டது. அதன் இறுதிப் பகுதியாகிய கௌதுக நிதி ஆட்டங்களை விரித்துரைக்கின்றது.

அந்நாளில் கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டாட்டம் பரவியிருந்தது. தசாவதாரச் சீட்டுக்கட்டில் பத்து அவதாரங்களுக்குப் பத்து வகுப்புகளும், வகுப்பிற்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகளும் உண்டு. பகலில் ஆடினால் இராமன் சீட்டு உடையவரும், இரவில் ஆடினால் கண்ணன் சீட்டு உடையவரும் ஆட்டத்தைத் தொடங்குதல் மரபு. இத்தகைய ஆட்டங்களை மன்னர் மேலும் விரிவாக்கினார். அவர் வகுத்த சாமுண்டேசுவரி ஆட்டத்தில் 16 வகுப்புகளும் 320 சீட்டுகளும் இருந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் உருவம். ஒவ்வோர் உருவத்திற்கும் ஒரு வரலாறு. எச்சீட்டு எவர் கைக்கு வரும், எதன்பின் எது வீழும் என்பதை வகுத்தவரும் அறியார். பழைய புராண மாந்தர் ஆடுவோர் கையில் புதிய வரிசையில் எதிர்ப்பட்டனர். அவ்வாறு தோன்றும் கதைக்கு ஆடுவோரே ஆசிரியர்.

சதுரங்கத்திலும் மன்னர் பேரறிவு உடையவர். குதிரையைப் பலகையின் 64 கட்டங்களிலும் கட்டத்திற்கு ஒருமுறையே செலுத்தும் புதிர்களை அமைத்தார். வளைந்து வளைந்து செல்லினும் குதிரை எக்கட்டத்தையும் தவறவிடாது; எதிலும் இருமுறை நில்லாது. பொறுமையுடையார்க்கே அவ்வழி புலப்படும்.

அப்பொறுமை அவர் வாழ்விலும் விளங்கிற்று. நாட்டை மீட்க அவர் வாளெடுக்கவில்லை. முறையீடுகளை இடைவிடாது அனுப்பினார். ஆண் வாரிசு இன்மையால் அரசு அழியுமோ என்னும் அச்சம் எழுந்தது. 1865இல் ஒரு குழந்தையை மகவேற்றார். முதலில் மறுத்த ஆங்கில அரசு, 1867இல் அம்மகனுக்கே நாடு உரியதென ஒப்பியது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் மன்னர் மறைந்தார். 1881இல் அம்மகன் சாமராசேந்திர உடையார் ஆட்சியை ஏற்றார். தந்தை காண விழைந்த நாளை மைந்தர் கண்டார்.

ஆடுகளத்தில் காய்களும் விதிகளும் பிறர் தந்தவை. அவற்றைக் கொண்டு கதை சமைப்பது ஆடுவோர் திறம். வாழ்க்கையும் அத்தகையதே. கையில் வீழ்ந்த சீட்டுகள் குறைவாயினும், அவற்றைக் கொண்டு நிறைவாக ஆடியவர் கிருஷ்ணராஜ உடையார்.